தயிர்ச்சட்டியும் நாலு பட்டியும்: ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரரின் தொழில் எப்படி ஓடுகிறது?

2024 நவம்பர் 16, சனிக்கிழமை காலை. பாராளுமன்றத் தேர்தல் முடிந்து இரண்டு நாள். விரலில் மை அழியவில்லை. கிளிநொச்சியில் ஒரு சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவரும், கழுத்தில் துணி கட்டி அரைவெட்டுத் தலையோடு இருந்த ஒரு பொடியனும் ஒரே போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மைக் டைசன், யூடியூப்பில் பேர் எடுத்த ஜேக் போலோடு மோதிக்கொண்டிருந்தார். டைசனுக்கு 58 வயது, போலுக்கு 27.

"அண்ணை, டைசன் ஒரு அடி விட்டாக் காணும், மற்றவன் படுத்திடுவான்" என்றான் அரைவெட்டு.

எட்டு ரவுண்டும் முடிந்தது. ஒருவரும் படுக்கவில்லை. மூன்று நடுவர்களும் போலுக்கே கொடுத்தார்கள்.

"காசுக்குத் தோத்திட்டார். உலகச் சம்பியனல்லோ, இல்லாட்டி விடுவாரே?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். "கையில பஞ்சு கிளவ்ஸ்தானே, பெரிசா நோகாது" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த ஐயா சேர்த்துக்கொண்டார்.

அலி, டைசன் என்ற இரண்டு பேரும் 'நொக்கவுட்' என்ற சொல்லும் தெரிந்தால் போதும், தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம் ஓடும். அங்கே சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் பிழை என்பதுதான் என் மனக்குறை. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். துணைக்கு ஒரேயொருவரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொள்வோம்: ஜோர்ஜ் ஃபோர்மன். 1949 ஜனவரியில் டெக்சாஸில் பிறந்தவர், 2025 மார்ச்சில் 76 வயதில் காலமானவர். அலியையும் டைசனையும் விட்டுவிட்டு ஏன் இவர் என்றால், இந்தத் தொழிலில் ஒருவருக்கு என்னென்ன நடக்கலாமோ அவ்வளவும் இவருக்கு நடந்தது. சிலது இரண்டு தரம் நடந்தது.

இருநூறு இறாத்தல்

மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோடிகளை ஏ, பி, சி, டி என்று பிரித்துத்தான் ஓடவிடுவார்கள். பிரிக்காமல் விட்டால் பந்தயமே இல்லை. குத்துச்சண்டையில் எடையை வைத்துப் பிரிக்கிறார்கள். சண்டைக்கு முதல்நாள் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். கூடினால் பிரச்சினை.

ஆனால் உச்சியில் இருக்கும் ஹெவிவெயிட் பிரிவுக்கு மட்டும் மேல் எல்லை கிடையாது. 200 இறாத்தலுக்கு மேல் என்றால் போதும். நாங்கள் கடையில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அப்படி இருநூறு பாண், ஏறக்குறைய 91 கிலோ. அதற்கு மேல் 100 கிலோக்காரரும் 140 கிலோக்காரரும் ஒரே மேடையில் ஏறலாம். ரஷ்யாவின் நிக்கொலாய் வலுவேவ் ஏழடி உயரத்தோடு 2005இல் உலகப் பட்டம் வென்றவர்.

இந்த எல்லை காலத்துக்குக் காலம் மாறியது. 49 சண்டையில் 49 வெற்றி என்று ஓய்வு பெற்ற ரொக்கி மார்சியானோ 84 கிலோவை ஒட்டித்தான் இருந்தவர். இன்றைக்கு வந்தால் அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள். "அவர் பெரியவரா, இவர் பெரியவரா" என்று சண்டை பிடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நாம்பனைப் பழக்கும் விதம்

அமெச்சூர் சண்டை என்றால் ஒலிம்பிக் போன்றது. சம்பளம் இல்லை. மூன்று ரவுண்ட். அட்டவணை போடுவார்கள், குலுக்கலில் யார் வருகிறாரோ அவரோடு மோதத்தான் வேண்டும். ஃபோர்மன் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது அப்படி. 19 வயது.

தொழில்முறைச் சண்டையில் அட்டவணையும் இல்லை, குலுக்கலும் இல்லை. யாரோடு, எங்கே, எத்தனை ரவுண்ட், ஆருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் இரண்டு தரப்பும் பேசி ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். உலகக் கிண்ணக் கிரிக்கெட் மாதிரி ஒரு சுற்றுப்போட்டி எங்கோ நடக்கிறது என்று நினைப்பதால்தான் மற்ற எல்லாக் குழப்பமும் வருகிறது.

எதிராளியைத் தெரிவு செய்யலாம் என்றால் என்ன செய்வார்கள்? சவாரிக்காரர் செய்வதைத்தான். நல்ல நாம்பன் சோடி கையில் இருக்கிறது என்று முதல் நாளே பேர்போன சோடியோடு விடமாட்டார். கால் பழக வேண்டும், சனத்தின் சத்தம் பழக வேண்டும், தோற்றுப் பயப்படவும் கூடாது. முதலில் ஓய்ந்துபோன சோடிகளோடு ஓடவிட்டுப் பார்ப்பார். ஃபோர்மன் 1969 யூனில் தொழிலுக்கு வந்து அந்த வருடத்துக்குள்ளேயே 13 சண்டை பிடித்தார். டைசன் 1985இல், தன் முதல் வருடத்தில், 15. இந்தக் காலத்தில் உலகப் பட்டத்துக்கு வந்தபின் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் பிடிப்பதில்லை.

அந்த 13, 15 சண்டைகளில் எதிரே நின்றவர்கள் யார்? இதற்கென்றே ஒரு வகைச் சண்டைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜேர்னிமன் என்பார்கள். தோற்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கெதியில் விழமாட்டார், புதியவருக்கு நாலைந்து ரவுண்ட் பாடம் எடுத்துவிட்டுச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போவார். பிரித்தானியாவின் பீற்றர் பக்லி, எடை குறைந்த பிரிவுகளில், 300 சண்டை பிடித்து 256இல் தோற்று 2008இல் ஓய்வு பெற்றார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை. இது களவுச் சண்டை அல்ல. குத்தும் உண்மை, தோல்வியும் உண்மை. சோடி சேர்த்ததில் மட்டும்தான் கணக்கு.

ஆகவே ஒருவருடைய ரெக்கோட், அதாவது வெற்றி தோல்விக் கணக்கு, பாதிதான் சொல்லும். 1974 ஒக்டோபர் 30, ஆபிரிக்காவின் கின்சாசாவில் அலிக்கு எதிராக மேடையேறியபோது ஃபோர்மனின் ரெக்கோட் 40 சண்டை, 40 வெற்றி, 37 நொக்கவுட். பயங்கரமான எண்தான். ஆனால் அதற்கு முந்திய மூன்று பட்டப் போட்டிகளையும் அவர் முடித்தது இரண்டு, ஒன்று, இரண்டு ரவுண்டுகளில். ஒரு ரவுண்ட் மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மூன்று பெரிய சண்டையும் சேர்த்து ஐந்து ரவுண்ட் மட்டுமே உழைத்தவர், வெக்கையில் எட்டாம் ரவுண்ட் வரை இழுபட்டால் என்ன ஆகும் என்பது அந்த எண்ணில் எழுதியிருக்கவில்லை. அலி கயிற்றில் சாய்ந்து நின்று குத்துகளை வாங்கினார். உரலில் இடித்தால் முதலில் ஓய்வது இடிக்கிற கைதான். எட்டாம் ரவுண்டில் ஃபோர்மன் விழுந்தார், பட்டம் அலிக்குப் போனது.

புள்ளிக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் விழாவிட்டால் மூன்று நடுவர்கள் ரவுண்டுக்கு ரவுண்ட் போட்ட புள்ளியைக் கூட்டுவார்கள்: ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, ஒருதரம் விழுந்திருந்தால் பெரும்பாலும் 8.

இதுவரை பார்த்தது: தொழில்முறைச் சண்டைக்காரர் தன் எதிராளியை ஒப்பந்தம் பேசித்தான் சந்திக்கிறார். ஆகவே எத்தனை வென்றார் என்று கேட்டால் காணாது, யாரை வென்றார், எத்தனை ரவுண்ட் போய் வென்றார் என்றும் கேட்க வேண்டும்.

நாலு கோயில், நாலு பரிவட்டம்

"ஒரே நேரத்தில் நாலு உலகச் சம்பியன் எப்படி?" இந்தக் கேள்விக்கு வன்னியில் பதில் சொல்வது சுகம். வற்றாப்பளை அம்மனுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கும் ஒரே தலைமைக் கந்தோர் இருக்கிறதா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் தன் நிர்வாகம், தன் நாள், தன் முறை. ஒரு கோயிலில் பரிவட்டம் கட்டியவருக்கு மற்றக் கோயில் கட்ட வேண்டிய கடமை கிடையாது.

குத்துச்சண்டையிலும் பட்டம் கொடுக்கும் பெரிய தனியார் அமைப்புகள் நாலு: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. முதலாவதின் வேர் 1921. கடைசி 1988இல் வந்தது. ஒவ்வொன்றும் தன் சம்பியனுக்கு ஒரு இடுப்புப் பட்டி கட்டும், தன் தரவரிசையை வைத்திருக்கும், பட்டப் போட்டி நடந்தால் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுக்கும். நாலு பட்டியும் ஒருவரிடமே சேர்ந்தால் மறுக்கமுடியாத சம்பியன் என்பார்கள்.

சேர்ப்பதைவிட வைத்திருப்பது கஷ்டம். அதற்குக் காரணம் கட்டாயச் சவால்: ஒவ்வொரு அமைப்பும் தன் தரவரிசையில் முன்னுக்கு நிற்பவரோடு குறித்த காலத்துக்குள் மோதச் சொல்லும். மோதாவிட்டால் பட்டியை வாங்கிவிடும். திருவிழா உபயம் மாதிரிதான். உங்கள் நாளில் நீங்கள் வந்து செய்யாவிட்டால் நிர்வாகம் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். நாலு கோயிலில் உபயம் எடுத்து, நாலும் ஒரே கிழமையில் வந்தால் நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே 18 ரியாத்தில் டைசன் ஃபியூரியை (இவர் வேறு டைசன்) வென்று நாலு பட்டியையும் சேர்த்தார். ஹெவிவெயிட்டில் நாலையும் ஒருங்கே கட்டிய முதல் ஆள். அடுத்த மாதமே ஐ.பி.எஃப். பட்டியை விட்டுக்கொடுத்தார். ஃபியூரியோடு மறு போட்டிக்கு அவர் ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தார், ஐ.பி.எஃப்.போ தன் கட்டாயச் சவாலைக் கேட்டது. அவரை மேடையில் யாரும் தோற்கடித்து அதை வாங்கவில்லை.

"பட்டத்தை இழந்தார்" என்று செய்தியில் வாசித்தால், தோற்றாரா, பறித்தார்களா, விட்டுக்கொடுத்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் வேறு.

தயிர்ச்சட்டி

இனி இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு குன்றும் குழியுமான உள்வீதியால் வந்திருக்கிறீர்களா? வீட்டில் இறக்கிப் பார்த்தால் சட்டியில் ஒரு கீறல் இராது. மூடியைத் திறந்தால் தயிர் வெடித்து, தண்ணி விட்டிருக்கும். சட்டி நின்ற நேரத்தில் தயிர் நிற்கவில்லை. சட்டி திரும்பிய வேகத்தில் தயிர் திரும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மண்டையோடு சட்டி, மூளை தயிர். மூளை ஏறக்குறைய 1.4 கிலோ, மென்மையானது, ஒரு திரவத்துக்குள் மிதக்கிறது. சாதாரணமாக ஓடிக் குதிக்க அந்தத் திரவமே காவல். ஆனால் நாடியில், அதாவது தாடையின் நுனியில், பக்கவாட்டாக ஒரு குத்து விழுந்தால் தலை கழுத்தின்மேல் சட்டென்று சுழலும். உழவு இயந்திரத்தின் இறுகிய நட்டைக் கழற்ற நீண்ட பிடி போட்ட ஸ்பனர் எடுப்போமல்லவா? கழுத்து நட்டு என்றால் நாடி பிடியின் நுனி. சின்னத் தள்ளல், பெரிய சுழற்சி. மண்டையோடு சுழன்றுவிடும், மூளை பிந்தும். பிந்துகிற அந்தக் கணத்தில் மூளைக்குள் ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. விழிப்பாக இருக்கவும் நிமிர்ந்து நிற்கவும் போகிற செய்திகள் குழம்பி அறுபடுகின்றன. முழங்கால் மடிகிறது. நொக்கவுட் என்பது இதுதான். விழுந்தவர் பத்து எண்ணும்வரை எழும்பாவிட்டால் சண்டை முடிந்தது. எழும்பியும் தற்காக்க முடியாத நிலையில் இருந்தால் மேடையில் நிற்கும் நடுவர் நிறுத்துவார். அது தொழில்நுட்ப நொக்கவுட்.

அப்படியென்றால் விழுபவர் நோ தாங்காத ஆள் என்று சொல்லமுடியாது. நோவை உணரவே அந்த இடத்தில் நேரம் இல்லை. பெருந்தசைக்காரர்தான் விழுத்துவார் என்றும் இல்லை. சண்டைக்காரர்கள் பயப்படுவது காணாத குத்துக்கு. வருவதைக் கண்டால் கழுத்து இறுகும், சட்டியை இரண்டு கையால் பிடித்தமாதிரி. காணாவிட்டால் சட்டி கரியரில் தனியே கிடக்கிறது.

கிளவ்ஸைப் பற்றி ஐயா சொன்னதைத் தலைகீழாக்கினால் சரி. ஹெவிவெயிட்டில் வழமையான கிளவ்ஸ் 10 அவுன்ஸ், 280 கிராம் சொச்சம். அது காப்பது போட்டிருப்பவரின் கையை. வெறுங்கையால் ஒருவரின் நெற்றியில் நாலுதரம் குத்திப்பாருங்கள், விரலெலும்பு உடையும். அந்தப் பயத்தில் அந்தக் காலத்தவர்கள் தலையைக் குறைவாகத்தான் குத்தினார்கள். 1867இல் வெளியான குவின்ஸ்பெரி விதிகளோடு கிளவ்ஸ் வழக்கத்துக்கு வந்தது; தலையைத் திரும்பத் திரும்பக் குத்தும் வசதியும் வந்தது. அமெச்சூர்காரர்கள் போடும் தலைக்கவசமும் வெட்டுக்காயத்தைத்தான் தடுக்கும், உள்ளே தயிர் சுழல்வதை அல்ல. ஆண்களுக்கு அதை 2013இல் நீக்கியும்விட்டார்கள்.

பார்ப்பவர் கண்ணுக்கு நொக்கவுட்தான் பெரிசு. மூளைக்கு அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது: விழுத்தாத குத்துகள். சண்டையில் மட்டுமல்ல, பயிற்சிச் சண்டையிலும் நாளாந்தம் விழுகிறவை. உலுக்கி உலுக்கி வெடிக்கிற தயிர். இதை 1928இலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார்: நடை தள்ளாடுதல், நாக்குக் குழறுதல், நினைவு மங்குதல். இன்று இந்த மூளைச் சிதைவை சி.ரி.ஈ. என்கிறார்கள். நிச்சயமாகச் சொல்வது இறந்தபின் மூளையைப் பரிசோதித்துத்தான்.

கின்சாசாவில் அலி உரலாக நின்று வென்றார் என்று சொன்னேன். உரலும் தேயும். 1980இல் லரி ஹோம்ஸோடு மோதியபோது அவருக்கு 38 வயது. பத்து ரவுண்ட் வாங்கியபின் அவருடைய ஆட்களே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் ஒரு சண்டை பிடித்தார். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டார்கள். குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்ததில்லை. 1977இலேயே அவருடைய சண்டை மருத்துவர் ஃபெர்டி பச்செக்கோ, நிறுத்தச் சொல்லிக் கேளாததால், விட்டுப்போனார் என்பதை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன்.

பட்டப் போட்டிகளில் பதினைந்து ரவுண்ட் பன்னிரண்டு ஆனதும் ஒரு மரணத்துக்குப் பிறகுதான். 1982 நவம்பரில் கொரியாவின் டுக் கூ கிம், லைற்வெயிட் பட்டப் போட்டியில் 14ஆம் ரவுண்டில் விழுந்து, சில நாளில் மூளை இரத்தக்கசிவால் இறந்தார்.

சுருக்கமாக: நொக்கவுட் என்பது தலை சுழல மூளை பிந்துவது; கிளவ்ஸ் காப்பது கையை; சேதம் பெரும்பாலும் சேர்வது, யாரும் கை தட்டாத குத்துகளில்.

விதைப்புக்கு முற்பணம்

ப்ரொமோட்டர் என்பவர் முதல் போட்டு, அரங்கு பிடித்து, தொலைக்காட்சிக்கு விற்று, நட்ட லாபம் பார்ப்பவர். மனேஜர் சண்டைக்காரரின் பக்கம் நின்று பேரம் பேச வேண்டியவர். விதைப்புக்கு முற்பணம் தரும் வியாபாரியும், நெல்லுக்கு நல்ல விலை கேட்டுத் தருகிறேன் என்று வருபவரும் மாதிரி. இரண்டு பேரும் ஒரே ஆளாகவோ உறவாகவோ இருந்தால் விவசாயி என்ன ஆவார் என்று இங்கே சொல்லித் தரவேண்டாம். அமெரிக்கா 2000இல் அலியின் பேரில் ஒரு சட்டம் போட்டு இந்த இரண்டையும் பிரித்தது.

பேப்பரில் வரும் தொகை முழுவதும் கைக்கு வராது. மனேஜருக்கு மூன்றிலொன்று வரை, பயிற்சியாளருக்கு வழமையாகப் பத்திலொன்று, பட்டி அமைப்பின் கட்டணம், பயிற்சி முகாமின் செலவு, பிறகு வரி. 1937 முதல் 1949 வரை சம்பியனாக இருந்த ஜோ லூயிஸ் வரிக்கடனில் அமிழ்ந்து, கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் கசினோ ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார். டைசன் 2003இல் வங்குரோத்து அறிவித்தார்.

ஃபோர்மன் 1977இல் ஒரு தோல்விக்குப் பிறகு சண்டையை விட்டு ஹூஸ்டனில் போதகரானார். பத்து வருடம் கையில் கிளவ்ஸ் போடவில்லை. 1987இல், நடத்திவந்த இளைஞர் நிலையத்துக்குக் காசு வேண்டும் என்று திரும்பினார். வண்டி வைத்த 38 வயதுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மறுபடி நாம்பன் மாதிரித் தொடங்கினார்: அனுபவம் குறைந்தவர்கள், ஓய்ந்தவர்கள் என்று 24 பேரைத் தொடர்ந்து வென்றார். முதலில் போவது காலும் கண்ணும். குத்தின் பாரம் கடைசியில்தான் போகும். ஹெவிவெயிட்காரர் மற்றப் பிரிவுகளைவிட வயது போயும் நிற்பது அதனால்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரே 26 வயது மைக்கல் மூரர். ஒன்பது ரவுண்ட் முடிவில் மூன்று நடுவர்களின் தாளிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். பத்தாம் ரவுண்டில் நீளமில்லாத ஒரு வலக்கை, நாடியில். 45 வயதில், அலியிடம் இழந்து இருபது வருடமும் ஆறு நாளும் கழித்து, திரும்பவும் சம்பியன். இடுப்பில் கின்சாசாவில் போட்ட அதே சிவப்புக் காற்சட்டை. அந்த நாட்களில் வன்னியில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். இந்தச் செய்தி எனக்கு வந்து சேர வருடங்கள் எடுத்தன.

அன்று அவருக்குக் கிடைத்தவை டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப். என்ற இரண்டு பட்டி. டபிள்யூ.பி.ஏ. சொன்ன சவாலாளியோடு மோதாததால் அடுத்த வருடமே அது பறிபோனது, ஐ.பி.எஃப். கேட்ட மறு போட்டிக்குப் போகாமல் மற்றதையும் விட்டுக்கொடுத்தார். பட்டி இல்லாமலே 1997வரை சண்டை பிடித்தார். 1999இல், தன் பேரில் விற்ற மின்சார இறைச்சி வாட்டும் அடுப்புக்குப் பேரை நிரந்தரமாக எழுதிக்கொடுத்தபோது பேசிய தொகை 137.5 மில்லியன் டொலர். கின்சாசாவில் அவருக்குப் பேசிய சம்பளம் 5 மில்லியன்.

திரும்பவும் சலூன்

அன்று இதில் கால்வாசிதான் சொல்ல முடிந்தது. டைசன் காசுக்காக மேடையேறினார் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, தொழில் என்றால் காசுக்குத்தான். காசுக்காகத் தோற்றார் என்பதற்கு என்ன ஆதாரம்? 58 வயதுக் கால் அந்த மனிதரை எதிராளிக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை, அது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பட்டியும் பந்தயத்தில் இருக்கவில்லை. டெக்சாஸ் மாநில அதிகாரிகள் அனுமதி கொடுத்ததே ரவுண்டை இரண்டு நிமிடமாகக் குறைத்து, 14 அவுன்ஸ் கிளவ்ஸ் போட்டு.

"அப்ப அது சண்டையே இல்லையோ அண்ணை?" என்றான் பொடியன். வெட்டு முடிந்து, கண்ணாடியில் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சண்டைதான். ரெக்கோட்டிலும் ஏறியிட்டுது. 50 வெற்றி, 7 தோல்வி."

கடைக்காரர் துணியை உதறினார். "வாங்கோ, உங்கட முறை."